பெரியவர் மூக்கும் பிள்ளைகளின் கையும்: பள்ளித் துப்புரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வாரத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே போனாலும் பள்ளி வாசலிலேயே பினாயில் வாடை மூக்கில் ஏறும். சேர்க்கைக்கு வந்த பெற்றோர் அதை முகர்ந்ததும் பள்ளி சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைகிறார்கள். துப்புரவுக்காகப் பள்ளிகள் செலவழிக்கும் பணத்தில் நல்லதொரு பங்கு இப்படிப் பெரியவர்களின் மூக்குக்கும் கண்ணுக்குமே போய்ச் சேருகிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கோளாறிலிருந்து கிளைத்தவை. மூன்று வயதுப் பிள்ளை புழங்கும் உயரம் வேறு. மழலையர் வகுப்பின் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். பெரியவர் கை படும் தாழ்ப்பாள் பளிச்சென்று இருக்கும். அதற்கு ஓரடி கீழே, பிள்ளைகள் பிடித்துத் தள்ளும் கதவோரத்தில், எண்ணெயும் சாதப் பிசுக்கும் சளியும் சேர்ந்து இறுகிய கரிய பட்டை ஒன்று ஓடும். தரையைத் தினமும் துடைக்கும் பள்ளியிலும் அந்தப் பட்டையின்மீது துணி பட்டிருக்காது.

பினாயிலை நம்பிச் சோப்பைக் கைவிடுவது

வெள்ளைப் பினாயில் என்று மலிவாகக் கேனில் விற்கப்படுவதில் பெரும்பகுதி தண்ணீரும் பைன் எண்ணெய் போன்ற வாசனைப் பொருளும்தான். கிருமியைக் கொல்லும் ஆற்றல் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அது ஒருபுறம் இருக்க, எவ்வளவு நல்ல கிருமிநாசினியையும் அழுக்கின்மேல் ஊற்றினால் பாதி வேலைகூட நடக்காது. குறிப்பாகக் குளோரின், மண்ணோடும் உணவுத் துணுக்கோடும் மலத்தோடும் சேரும்போது தன் வலுவை அங்கேயே இழந்துவிடுகிறது. ஆகவே சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுப்பது முதல் வேலை. தேவைப்படும் இடத்தில் மட்டும் கிருமிநாசினி இடுவது அடுத்தது. புட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம்வரை, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், அந்த இடத்தை ஈரமாகவே விட்டுவைப்பது மூன்றாவது. ஊற்றிய கையோடு மாப்பை இழுத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, இரண்டே நிமிடத்தில் காயவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதில் மிஞ்சுவது வாடை மட்டுமே.

வகுப்பறைத் தரைக்குத் தினமும் கிருமிநாசினி தேவையே இல்லை என்பது என் கருத்து. சோப்புத் தண்ணீரும் அலசிய மாப்பும் அதற்குப் போதும். மிச்சமாகும் மருந்தையும் நேரத்தையும் கழிப்பறைக்கும், குழாய்த் திருகுக்கும், கதவோரத்துக்கும், டயப்பர் மாற்றும் மேசைக்கும் கொடுக்கலாம். கறுப்புப் பினாயிலைக் குழந்தைகள் தவழும் தரையில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் தோல்வழியே உடலுக்குள் செல்லக்கூடியவை. பச்சிளங்குழந்தைகளின் உடல் அவற்றை எளிதில் வெளியேற்றாது.

பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் நம் பள்ளிகளில் நடப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யாராவது ஒரு கை மண்ணை அள்ளி வந்து போடுவார்கள். சற்று நேரம் கழித்துச் சீமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளுவார்கள். அதே சீமாறு அடுத்த வகுப்புக்கும் போகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ, ரோட்டா போன்ற வைரஸ்கள் பரவுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து விலக்கி, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பழந்துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்துப் பையில் போட்டுக் கட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகு, 0.1 சதவீதக் குளோரின் கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவத்தில் 20 மில்லியை எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் இந்த அளவு வரும். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 3 கிராம் போதும். ஆனால் வாய் திறந்த மூட்டையில் மழைக்காலம் முழுவதும் கிடந்த பவுடரில் குளோரின் பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததை இன்று நம்பக் கூடாது.

உப்புத் தண்ணீரும் ஆசிடும்

நம் பக்கத்துப் பள்ளிகளின் தனிச் சிக்கல் இது. பாறையைக் குடைந்து ஆயிரம் அடிவரை இறக்கிய போர்வெல்லில் வரும் தண்ணீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, கழிப்பறைப் பீங்கானில் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புப் படியும். கறையைக் கண்டதும் ஆசிட் புட்டியை எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆசிட் அந்தப் படிவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் பழைய பள்ளிகளின் மொசைக் தரையிலுள்ள சலவைக்கல் சில்லுகளையும் அது சேர்த்தே அரிக்கிறது. சொரசொரப்பான தரை முன்னைவிட வேகமாக அழுக்கைப் பிடிக்கும். அதற்கு மேலும் ஆசிட் ஊற்ற வேண்டியிருக்கும். செப்டிக் டேங்க் உள்ள ஊர்ப்பள்ளிகளில் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் அளவின்றிப் போனால் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துத் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். உப்பு இறுகும்வரை காத்திராமல் வாரம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் அந்த நிலையே வராது.

இதைவிட ஆபத்தானது, 'இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது' என்ற எண்ணத்தில் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பேசினில் கொட்டுவது. சேர்ந்த கணமே குளோரின் வாயு கிளம்பும்; ஜன்னல் இல்லாத சிறிய கழிப்பறையில் அது நுரையீரலைச் சிதைக்கும், உயிரையும் எடுக்கும். சிட்ரிக் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒன்றைப் பயன்படுத்தி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின்னரே மற்றதைத் தொட வேண்டும். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் என்று விதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

குடிக்கும் தண்ணீர், கழுவும் கை

சிறுவாணி, பில்லூர், காவிரி என்று எந்தக் குடிநீர்த் திட்டத்தின் கீழ் இருந்தாலும் ஆற்றுத் தண்ணீர் பல ஊர்களில் தினமும் வருவதில்லை. வரும் நாளில் பிடித்து டிரம்மிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும் நிரப்பி வைக்கிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும் என்பதால், தண்ணீர் வரும் இடைவெளியும் கொசு வளரும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்புவதில் பயனில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும். வாரத்துக்கு ஒருநாள் உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியை அதன்மேல் பெயின்டில் எழுதும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அந்தத் தேதி பார்வையிட வரும் அதிகாரிக்கு மட்டும் பயன்படுவதாக இருந்துவிடக் கூடாது. ஏப்ரல், மே விடுமுறையில் தேங்கிய நீரை வெளியேற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்கள் எல்லாவற்றையும் சில நிமிடம் திறந்துவிட்ட பிறகுதான் பள்ளியைத் திறக்க வேண்டும். குளோரின் இடும்போது 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்க வேண்டும். டிரம்முக்குள் டம்ளரை விட்டு மொள்ளும் பழக்கம் இருந்தால் இத்தனை பாடும் வீண். டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்த அதிகச் செலவாகாது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவானது. மதிய உணவோடு சேர்த்துப் பிள்ளைகள் இப்போது பள்ளியில் இரண்டு வேளை கையால் சாப்பிடுகிறார்கள். தட்டும் பாத்திரமும் பளபளக்கின்றன. கைகழுவும் இடத்தில்தான் சோப்பு இருப்பதில்லை. வைத்தால் காணாமல் போகிறது என்பது நிர்வாகத்தின் பதில். ஒரு பழைய சாக்ஸில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் அது வழுக்கி விழாது, தொலையவும் செய்யாது. கொரோனாவுக்குப் பிறகு சோப்புக்குப் பதிலாகச் சானிடைசரை வைத்துக் கணக்கை முடித்த பள்ளிகள் உண்டு. மண் படிந்த கையில் சானிடைசர் பயன் தராது. புழு முட்டைகளை அது அகற்றாது. நோரோ வைரஸுக்கும், பலர் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லும் கை, கால், வாய் நோயின் வைரஸுக்கும் அது சரியாக வேலை செய்யாது. ஓடும் தண்ணீரில் 20 விநாடி சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு மாற்று எதுவுமில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும்; நக இடுக்கிலிருந்து மறுபடி உள்ளே போகும் முட்டையை அது தடுப்பதில்லை.

ஜமக்காளம், பொம்மை, துணி

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன்மேல் நமக்குள்ள பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் மழலையர் வகுப்பில் விரித்த கனத்த ஜமக்காளம் சிறுநீரையும் பாலையும் உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். அதைத் துவைப்பது இரண்டு ஆள் வேலை என்பதால் யாரும் தொடுவதில்லை. விசேஷம் வந்தால் திருப்பிப் போடுவார்கள். நீரைப் பிடிக்காத பாயை விரித்து, அதன்மேல் தினமும் மாற்றக்கூடிய பருத்தி விரிப்பைப் போடுவதே சரி. ஜமக்காளம்தான் வேண்டும் என்றால் வாரம் ஒருநாள் வெளியே தட்டி, இருபுறமும் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பஞ்சுப் பொம்மைகளை வாங்காமலிருப்பதே நல்லது. மற்றப் பொம்மைகளைப் பொறுத்தவரை, பிள்ளை வாயில் வைத்ததைக் கண்டவுடன் எடுத்துத் தனி வாளியில் போட்டு, மாலையில் சோப்பு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்கும் பழக்கம் போதும்.

துடைக்கும் துணிக்கு நமக்குப் பஞ்சமில்லை. திருப்பூரின் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் வந்து இறங்குகிறது. கழிப்பறை பேசினைத் துடைத்த துணியே சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடுவதுதான் சிக்கல். கழிப்பறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, வகுப்புக்கு நீலம் என்று உலகெங்கும் தொழில்முறைத் துப்புரவில் நிறம் பிரிக்கிறார்கள். மூட்டையில் எல்லா நிறமும் கலந்து வருவதால் இங்கே அதற்குத் தனிச் செலவே கிடையாது. பிரித்து வைக்கும் பொறுமை மட்டும் வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துண்டுகள் தண்ணீரை உறிஞ்சாமல் அழுக்கை இழுத்துப் பூசும் என்பதால், எடுக்கும்போது பருத்தியாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய்வழியே புழுதியை வாரிக்கொண்டு வரும் மாதங்களில், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் உலர் சீமாற்றால் பெருக்குவது புழுதியை மேசையிலிருந்து பிள்ளைகளின் மூச்சுக்கு மாற்றும் வேலைதான். ஈரத் துணியால் துடைத்த பிறகு ஈர மாப்பு போட வேண்டும்.

கழிப்பறை

காலையில் மணி அடிப்பதற்கு முன் ஒருமுறை கழுவிவிட்டு மறுநாள் காலைவரை திரும்பிப் பார்க்காமலிருப்பது பரவலான தவறு. இடைவேளையிலும் மதியத்திலும்தான் பயன்பாடு உச்சத்தில் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் பின் ஒரு சுற்று கட்டாயம் தேவை. வாடைக்காக அந்துருண்டை போடுவதை நிறுத்த வேண்டும். மிட்டாய்போலத் தோன்றும் அதைக் குழந்தை விழுங்கினால், குறிப்பாகப் பிறவியிலேயே ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். மாணவிகளின் கழிப்பறையில் ஒவ்வோர் அறையிலும் மூடியுள்ள தொட்டி வேண்டும். மலிவு நாப்கின் இயந்திரம் செய்து 2016இல் பத்மஸ்ரீ பெற்ற அருணாசலம் முருகானந்தம் கோவைக்காரர். அந்த ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளிலேயே பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்று மாணவிகள் தவிப்பது வெட்கக்கேடு. மாணவர்களைக் கொண்டு கழிப்பறை கழுவவைப்பது சுகாதாரத் தவறு என்ற எல்லையோடு நிற்பதல்ல. பட்டியல் சாதிப் பிள்ளைகளை அதற்கென்று பொறுக்கியெடுத்தால் அது வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் குற்றம்.

குளிர்பானப் புட்டியில் ஆசிட்

பெரிய கேனிலிருந்து ஆசிடையும் பினாயிலையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது உடனே நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது குளிர்பானமாகவே தெரியும். மருந்துகளை அவற்றின் சொந்தப் புட்டியிலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அப்படியும் யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் ஆசிட் சுடும். 108ஐ அழைத்து, குடித்த புட்டியையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஆளை மட்டும் எண்ணுவது

துப்புரவை வெளி நிறுவனத்திடம் விடும் தனியார் பள்ளிகள் 'இத்தனை பேர், மாதம் இவ்வளவு' என்று பேசி முடித்துவிடுகின்றன. எந்த இடம், ஒரு நாளில் எத்தனை முறை, எந்த மருந்து, எந்த அளவில் என்பது தாளில் இருப்பதில்லை. மருந்தும் துணியும் நிறுவனத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டால், லாபம் குறையும் மாதத்தில் அவர்கள் முதலில் கைவைப்பது அவற்றில்தான். கதவோரம், குழாய்த் திருகு, மேசையின் அடிவிளிம்பு என்று பிள்ளைகளின் கை படும் இடங்களைத் தனித்தனியாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். துப்புரவு செய்யும் அக்காவுக்குக் கையுறையும் காலணியும் யார் வாங்கித் தருவது, அவர் விடுப்பில் இருக்கும் நாளில் கழிப்பறையை யார் பார்ப்பது என்பதையும் கையெழுத்திடும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.