கணைய மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடாதீர்கள்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு, காலைப் பந்தி. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனியரிசி எல்லாம் முடித்து, இலையை மடித்துவிட்டு, திண்ணையில் வந்து சாய்ந்த பிறகுதான் எங்கள் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து கேப்ஸ்யூலை எடுத்தார். "ஜீரண மாத்திரைதானேப்பா, எப்பப் போட்டா என்ன?" என்று சொல்லி விழுங்கினார். அவருக்கு நாள்பட்ட கணைய அழற்சி. எடை இறங்கிக்கொண்டே போக, மாத்திரை கேட்கவில்லை என்று டாக்டர் மேல் கோபம் வேறு.

மாத்திரை மேல் தப்பில்லை, போட்ட நேரம்தான் தப்பு. கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ், மாவுச்சத்துக்கு அமிலேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று கணையம் சுரக்கும் நொதிகள் சிறுகுடலில் சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும். பழுதான கணையம் தர முடியாததைத்தான், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்து, கேப்ஸ்யூலில் அடைத்துத் தருகிறார்கள். சாப்பாடு இறங்கிப் போன பின் மருந்து வந்தால், பந்தி முடிந்த பிறகு சாம்பார் வாளி வந்த கதைதான். முதல் வாயோடு போடுங்கள். இரண்டு மூன்று கேப்ஸ்யூல் என்றால் பாதியை நடுவில் போடலாம். (பன்றி என்றதும் தயக்கம் இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.)

மென்று தின்பதும் தப்பு, சுடச்சுடப் பாலில் கொட்டிக் கலக்குவதும் தப்பு. உள்ளே இருக்கும் குருணைக்கு வயிற்று அமிலம் தாக்காதபடி ஒரு உறை உண்டு, அது உடைந்தால் லிப்பேஸ் வயிற்றிலேயே வீணாகிவிடும், வாயில் தங்கினால் புண்ணும் வரும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் டப்பாவை விட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், சூடு பட்டால் நொதியின் வீரியம் போய்விடும்.

அப்புறம் அளவு. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அட்டையில் போட்டிருக்கும் லிப்பேஸ் யூனிட்டைப் பாருங்கள். 10,000-மும் உண்டு, 25,000-மும் உண்டு. பெரியவர்களுக்கு முக்கியச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 வரை, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். நம் பக்கம் நாலு மணி இடைப்பலகாரத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீயமும் முறுக்கும் எண்ணெயில் முங்கி வந்தவைதானே, அதற்கும் மருந்து வேண்டும். அதற்காக எண்ணெயே கூடாது என்று கஞ்சியில் காலம் தள்ளினால் இன்னும் இளைத்துத்தான் போவீர்கள். விட வேண்டியது குடியும் சிகரெட்டும்.

கடையில் விற்கும் ஜீரண சிரப் இதற்கு மாற்றாகாது.

கணைய அழற்சி திடீரென்று தாக்குவது வேறு விஷயம். அப்போது குடலுக்குப் போய் முழிக்க வேண்டிய டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே முழித்துக்கொண்டு கணையத்தையே அரிக்கிறது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலி, ஓயாத வாந்தி என்றால் கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணியோ, இந்தக் கேப்ஸ்யூலோ கொடுத்து உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ரத்தத்தில் லிப்பேஸ் பார்ப்பார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று பயப்பட வேண்டாம், இரண்டும் அப்படிச் சேர்ந்து போவதில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கழிவறையில் பார்க்கலாம். மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொண்டால் அளவு போதவில்லை, அல்லது நேரம் தப்பு. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சித்தப்பா இப்போது பந்தியில் உட்கார்ந்ததும் கேப்ஸ்யூலை இலை ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுகிறார். போன முகூர்த்தத்தில் பரிமாறுகிறவர் அதன் மேலேயே மாவடுவை வைத்துவிட்டார்.