ரம்மிக் கட்டு ஒன்று போதும்: மேசைப் போர் ஆட்டத்தில் மிஷன் கார்டு வைத்து ஆடுவது எப்படி?

இரண்டு பேர் மேசையின் இரு பக்கமும் படையை வரிசையாக நிறுத்துகிறார்கள். நடுவில் மோதுகிறார்கள். கடைசியில் யாரிடம் ஆள் மிச்சமோ அவருக்கு வெற்றி. சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவோம். நானும் என் நண்பரும் ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே ஆடினோம். அவரிடம் தூரத்திலிருந்து சுடும் பீரங்கிகள்; என்னிடம் ஓடிப்போய் வெட்டும் ஆட்கள். இரண்டாவது ரவுண்டிலேயே முடிவு தெரிந்துவிடும். மீதி நேரமெல்லாம் தோற்பவர் தன் ஆட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பார்.

இதை மாற்றியது மிஷன் கார்டுதான். உங்கள் டர்ன் வரும்போது கட்டிலிருந்து சீட்டு எடுப்பீர்கள். ‘நான்காம் இலக்கைப் பிடி’, ‘எதிரித் தளபதியை வீழ்த்து’ என்று அதில் ஒரு வேலை இருக்கும். செய்து முடித்தால் பாயிண்ட். எத்தனை பேர் செத்தார்கள் என்பது கணக்கே இல்லை. ரகசிய இலக்குச் சீட்டு வைத்து ரிஸ்க் ஆடியவர்களுக்கு இது பாதி புரிந்துவிடும். அங்கே ஆட்டம் முழுக்க ஒரே சீட்டு, இங்கே டர்னுக்கு டர்ன் மாறும்.

கீழே சொல்லும் முறைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் ஆடும் மினியேச்சர் ஆட்டம் வார்ஹாமராக இருந்தாலும் ஒன் பேஜ் ரூல்ஸாக இருந்தாலும் அதன் சண்டை விதிகள் அப்படியே இருக்கட்டும். வெற்றி யாருக்கு என்பதை மட்டும் சீட்டு முடிவு செய்யும்.

படி 1: இலக்குகளை வைப்பது

ஆறு கேரம் காய்களை எடுத்து, அடிப்பக்கத்தில் 1 முதல் 6 வரை எண் எழுதிய தாளை ஒட்டுங்கள். எண் கீழே இருக்கும்படி கலைத்துவிட்டு, ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி மேசையில் வையுங்கள். மேசை விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் வைக்கக் கூடாது. ஒரு காய்க்கும் இன்னொன்றுக்கும் 12 அங்குலமாவது இடைவெளி வேண்டும். நான்கு அடிக்கு நான்கு அடி மேசையில் ஆறும் தாராளமாக அடங்கும்.

எல்லாம் வைத்த பிறகுதான் யாருக்கு எந்தப் பக்கம் என்று பகடை போட வேண்டும். அதற்கும் பிறகுதான் காய்களைத் திருப்பி எண் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பக்கம் முன்பே தெரிந்தால், இலக்கையெல்லாம் தன் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை வரும்.

படையை அவரவர் விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். ஒரு காயின் 3 அங்குலத்துக்குள் யாருக்கு அதிக ஆட்களோ இலக்கு அவர் கையில். உங்கள் விதிநூலில் இதற்கு வேறு கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கட்டு தயாரிப்பது

ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட் மூன்றிலும் ஏஸ் முதல் 6 வரை எடுத்தால் 18 சீட்டு. ஏஸ்தான் 1.

ஸ்பேடு எல்லாம் இடம் பிடிக்கும் வேலை. ஸ்பேடு 4 வந்தால், உங்கள் டர்ன் முடியும்போது நான்காம் இலக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். 1 பாயிண்ட், அந்த இலக்கு எதிரியின் பாதி மேசையில் இருந்தால் 2.

ஆர்ட்டின் சண்டை (யூனிட் என்றால் சேர்ந்தே நகரும் ஆட்களின் குழு):

- 1: ஏதாவது ஒரு யூனிட்டை அழி (1 பாயிண்ட்)
- 2: கைகலப்பில் ஒரு யூனிட்டை அழி (1)
- 3: சுட்டு ஒரு யூனிட்டை அழி (1)
- 4: இலக்கின் 3 அங்குலத்துக்குள் நிற்கும் யூனிட்டை அழி (2)
- 5: எதிரித் தளபதியை வீழ்த்து (2)
- 6: எதிரி தன் படையை இறக்கிய பகுதிக்குள்ளேயே ஒரு யூனிட்டை அழி (2)

டைமண்ட் நகர்வு:

- 1: உங்கள் யூனிட் ஒன்று முழுவதும் எதிரியின் இறக்குப் பகுதிக்குள் (2)
- 2: உங்கள் இறக்குப் பகுதியில் எதிரி ஒருவர்கூட இல்லை (1)
- 3: மேசையின் மையத்திலிருந்து 6 அங்குலத்துக்குள் எதிரியைவிட உங்களுக்கு அதிக யூனிட் (1)
- 4: மேசையை நான்காகப் பிரித்தால், மூன்று பகுதியில் உங்கள் யூனிட் (1)
- 5: ஒரே நேரத்தில் மூன்று இலக்குகள் உங்கள் கையில் (2)
- 6: கொடி நாட்டு. ஒரு யூனிட் இந்த டர்னில் சுடாமல், வெட்டப் போகாமல், ஏதாவது ஓர் இலக்கின் 3 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் (2)

இதை ஒரு தாளில் எழுதி மேசையோரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரவுண்டில் டைமண்ட் 2 வந்தால் கட்டுக்குள் திருப்பிச் செருகி வேறு எடுங்கள்; அப்போது அது சும்மா கிடைக்கும் பாயிண்ட்.

படி 3: டர்னை ஆடுவது

உங்கள் டர்ன் தொடங்கும்போது கையில் இரண்டு சீட்டு இருக்கும்வரை எடுங்கள். இரண்டையும் எதிரிக்குத் தெரியும்படி மேசையில் விரித்து வையுங்கள். நகர்த்தி, சுட்டு, வெட்டி முடித்த பிறகு பாருங்கள்: முடிந்த வேலைக்குப் பாயிண்ட் எழுதி, சீட்டைக் கழியுங்கள். முடியாத சீட்டு அடுத்த டர்னுக்கும் கையில் இருக்கும். வேண்டாம் என்றால் டர்ன் முடிவில் ஒன்றை மட்டும் கழிக்கலாம். ஐந்து ரவுண்டு (இருவரும் ஆளுக்கொரு டர்ன் ஆடினால் ஒரு ரவுண்டு). இருவருக்கும் ஒரே கட்டுதான். தீர்ந்துபோனால் கழித்ததைக் கலைத்து மறுபடி வையுங்கள்.

சீட்டை மறைத்து வைத்தால் விறுவிறுப்பு கூடுமே என்று கேட்பார்கள். பழகிய பிறகு கூடும். புதியவர்களுக்குத் திறந்த சீட்டே நல்லது என்பேன், ஏனென்றால் எதிரியின் சீட்டைப் பார்த்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று யோசிக்கும்போதுதான் ஆட்டம் பிடிபடும்.

எங்கள் ஆட்டம் ஒன்றில் நடந்தது: இரண்டாவது ரவுண்டில் எனக்கு ஸ்பேடு 4, டைமண்ட் 6. நான்காம் இலக்கு நண்பரின் பாதியில், ஓர் இடிந்த சுவரோரம். பழைய வழக்கப்படி என்றால் எல்லோரையும் பீரங்கியை நோக்கி ஓடவிட்டிருப்பேன். இந்த முறை ஐந்து பேர் யூனிட் ஒன்றை மட்டும் சுவர்ப் பக்கம் அனுப்பினேன். தூரம் 14 அங்குலம், அவர்கள் நடப்பது 6. இந்த டர்னில் சேர முடியாது, ஆனால் அடுத்த டர்னில் இரண்டு சீட்டும் ஒரே இடத்தில் முடியும். அதனால் எதையும் கழிக்கவில்லை. நண்பர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பீரங்கிகளை அந்த ஐந்து பேர் மேல் திருப்பினார். மூன்று பேர் போனார்கள். ஆனால் அந்த நேரத்தில் என் பெரிய யூனிட் ஒரு குண்டும் படாமல் நடுப்பகுதியைக் கடந்துவிட்டது. மிஞ்சிய இருவர் சுவரோரம் போய்க் கொடி நாட்டினார்கள்: 4 பாயிண்ட். ஆட்டம் முடிந்தபோது என்னிடம் ஏழு பேர், அவரிடம் பாதிப் படைக்கு மேல். கணக்கு 9–8, எனக்குச் சாதகமாக!

படி 4: முடியவே முடியாத சீட்டு

வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் ஏழாம் பதிப்பு 2014-இல் வந்தபோது இதேபோல 36 மிஷன் சீட்டு கொண்ட ஒரு கட்டும் வந்தது. சீட்டு இல்லாதவர்கள் இரண்டு பகடை போட்டு அட்டவணையிலும் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அது பிடித்தது, பலர் திட்டினார்கள். திட்டியதற்கு நியாயம் உண்டு. எதிரியிடம் விமானமே இல்லாதபோது ‘விமானத்தை வீழ்த்து’ என்று சீட்டு வரும். 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில், டர்ன் முடிவில் சீட்டைக் கழித்தால் கட்டளைப் பாயிண்ட் (ஆட்டத்தில் சிறப்புச் செயல்களுக்குச் செலவழிப்பது) ஒன்று கிடைத்தது. அதாவது கெட்ட சீட்டு வந்தாலும் கை முழுக்கக் காலியாகாது.

நம் முறைக்கு ஒரே விதி போதும்: இந்த ஆட்டத்தில் இனி செய்யவே முடியாத வேலை என்றால் சீட்டைக் காட்டிவிட்டு உடனே வேறு எடுக்கலாம். தளபதி ஏற்கெனவே செத்துவிட்டார், ஆர்ட்டின் 5 வந்தது, மாற்றலாம். தளபதி மேசைக்கு அந்தக் கோடியில் நிற்கிறார், மாற்ற முடியாது. அது கஷ்டமான வேலை, முடியாத வேலை அல்ல. இந்த இரண்டையும் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நடுவில் பேசினால் சண்டைதான் வரும்.

இன்னொன்று. எத்தனை இலக்கு கையில் இருக்கிறதோ அத்தனை சீட்டு எடுக்கலாம் என்றும் சிலர் ஆடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முந்துபவர் மேலும் முந்திக்கொண்டே போவார். எதிர்மாறாகச் செய்து பாருங்கள்: 4 பாயிண்ட் அல்லது அதற்கு மேல் பின்தங்கியவர் இரண்டுக்குப் பதில் மூன்று சீட்டு வைத்துக்கொள்ளட்டும்.

படி 5: உங்கள் சொந்தச் சீட்டு

மூன்று ஆட்டம் ஆடிவிட்டீர்களா? கிளாவர் இன்னும் சும்மா கிடக்கிறது. ஆளுக்கு மூன்று வேலை எழுதிச் சேருங்கள். மேசையில் இருக்கும் பாலம், கிணறு, கோபுரம் எதையும் பயன்படுத்தலாம். எழுதியவருக்கு மட்டும் லாபமான வேலையாக இருக்கக் கூடாது. இரண்டு படையும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

எங்கள் கட்டில் கிளாவர் 3, பீரங்கிக்கார நண்பர் தானாகவே எழுதியது: ‘இரண்டு ரவுண்டாக ஒரே இடத்தில் நிற்கும் யூனிட் ஒன்று, இந்த டர்னில் 6 அங்குலமாவது முன்னால் போக வேண்டும். 2 பாயிண்ட்.’