கொரிய ராஜா வீட்டுக் கல்யாணம்: நாம் சறுக்கும் இடங்கள்

கொரியன் சீரியலில் ராஜா மாறுவேடத்தில் சந்தைக்குப் போவார். அங்கே ஒரு பெண் அவர்மேல் மோதி விழுவாள். கடைசி எபிசோடுக்குள் அவள் பட்டத்தரசி ஆகிவிடுவாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் இதையே வரலாறு என்று நம்பி எழுத உட்காரும்போது தப்பு மேல் தப்பாக வந்து விழும்.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் தப்பிலிருந்தே தொடங்கலாம். "கொரியாவை ஆண்ட தமிழ் இளவரசி செம்பவளம்" என்ற செய்தி வருடத்துக்கு இரண்டு முறையாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கதையின் மூலம் 'சம்குக் யுசா' என்ற நூல். இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. கி.பி. 48இல் 'ஆயுதா' என்ற நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி ஒருத்தி சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து, கொரியாவின் தெற்கே இருந்த கயா நாட்டு (நம் பீகார் கயா இல்லை) அரசர் சுரோவை மணந்தாள் என்கிறது அது. அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். 'ஹ்வாங்' என்றால் மஞ்சள், 'ஓக்' என்றால் ஜேட் என்ற மணிக்கல். மஞ்சள் ஜேட் எப்படிச் செம்பவளம் ஆகும்? நிறமும் ஒத்துவரவில்லை, கல்லும் ஒத்துவரவில்லை. ஆயுதா என்பதை அயோத்தி என்பவர்கள் 2001இல் அங்கே ஒரு நினைவுச் சின்னமே வைத்துவிட்டார்கள். ஆய் நாடு, கன்னியாகுமரி என்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரண்டுமே ஒலி ஒற்றுமையை நம்பி நிற்பவை. அதே நூல் அவள் 157 வயதில் இறந்தாள், கணவர் 158 வயதில் இறந்தார் என்றும் சொல்கிறது. அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. கரை இறங்கியதும் அரண்மனை ஆட்கள் அழைக்க வருகிறார்கள். "உங்களை எனக்கு முன்பின் தெரியாது, எப்படி நம்பி உங்கள் பின்னால் வருவேன்?" என்று மறுத்துவிடுகிறாள். ராஜாவே மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதாகிறது. அவள் தன் பட்டுக் கால்சட்டையைக் கழற்றி மலைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்துவிட்டுத்தான் வருகிறாள். இதைக் கதை என்று சொல்லியே எழுதலாம், சுவை ஒன்றும் குறையாது.

அடுத்த தப்பு, "கொரியாவில் வழக்கம் இதுதான்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது. எந்த வம்சம் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. கொர்யோ வம்சத்தைத் தொடங்கிய வாங் கோனுக்கு 29 மனைவியர். ஊருக்கு ஊர் பலம் பெற்ற குடும்பங்களைச் சம்பந்தியாக்கிக் கட்டிய நாடு அது. அவர் மகன் குவாங்ஜோங் மணந்தது அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தங்கையை. பின்னால் மங்கோலியர் கை ஓங்கியபோது, 1274இல் குப்ளாய் கானின் மகளே கொர்யோவுக்கு மருமகளாக வந்தார். 1392இல் வந்த ஜோசோன் வம்சத்தில் எல்லாம் தலைகீழ். சீன அறிஞர் கன்ஃபூசியஸின் நெறி. ஒரு நேரத்தில் பட்டத்தரசி ஒருவர்தான், ராஜாவின் குலத்தில் பெண் எடுக்கவே கூடாது. சீரியல்கள் பெரும்பாலும் காட்டுவது இந்த ஜோசோனைத்தான்.

அங்கே ராஜா பெண் பார்க்கும் வழக்கமும் கிடையாது. முதலில் நாட்டில் உயர்குடி வீடுகளில் கல்யாணத்துக்குத் தடை வரும். வயது பொருந்தும் பெண்களின் விவரத்தை வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அரண்மனையில் மூன்று சுற்றுத் தேர்வு. எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பினார்கள் என்று நினைக்காதீர்கள். செலவுக்கும் அரசியலுக்கும் பயந்து பெண்ணை ஒளித்த குடும்பங்களும் உண்டு. யோங்ஜோ ராஜாவின் மகன் சாடோ இளவரசருக்காக 1743இல் தேர்வுக்குப் போன ஹேக்யோங் சீமாட்டி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: புதுத்துணி வாங்க வசதியில்லை, இறந்துபோன அக்காவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த துணியில் அம்மா பாவாடை தைத்தார், உள்ளுக்குப் பழைய துணி. தேர்வாகிவிட்டாள் என்று தெரிந்ததும் பெற்றவர்களே மகளிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நேற்றுவரை 'நீ', இன்று முதல் 'நீங்கள்'. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்!

எட்டு என்றேன், கொரியக் கணக்கில் ஒன்பது. வயதிலும் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பிறந்தவுடன் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்பது அவர்கள் பழைய கணக்கு. 1759இல் யோங்ஜோ ராஜா மறுமணம் செய்தபோது அவருக்கு 66, பெண்ணுக்கு 15 என்று படிப்பீர்கள். நம் கணக்கில் 64, 13. புது மாமியாரைவிட மருமகள் ஹேக்யோங் பத்து வயது மூத்தவர்.

அப்புறம், ராஜாவின் மற்ற பெண்களை 'வைப்பாட்டி' என்று மொழிபெயர்ப்பது. துணைவியருக்கு எட்டுப் படிநிலைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. துணைவி ராணியாகவே முடியாது என்பதும் முழு உண்மையில்லை. சுக்ஜோங் ராஜாவின் துணைவி ஜாங் ஹுய்பின் அப்படி ஆனவர்தான். 1694இல் கீழே இறக்கப்பட்டு 1701இல் மரண தண்டனை பெற்றார். அதே ஆண்டில்தான் ராஜா, இனி எந்தத் துணைவியும் பட்டத்தரசி ஆகக்கூடாது என்று ஆணையிட்டார். ஆகவே ஆண்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாகப் பெயர். கல்யாணமானாலும் பெண் பிறந்த வீட்டுக் குலப்பெயரை விடுவதில்லை. கோஜோங் ராஜாவின் அப்பா 1866இல் மின் குலத்துப் பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் சம்பந்தி வீட்டார் ஆட்டிப்படைத்ததைப் பார்த்தவர் அவர். அப்பா இல்லாத பெண் என்றால் தொல்லையில்லை என்று கணக்குப் போட்டார். ஏழே வருடத்தில் அதிகாரம் மாமனார் கையைவிட்டுப் போனது, அரசவையில் மின் வீட்டார் நிரம்பினார்கள். இன்று அந்த அரசியை 'பேரரசி ம்யோங்சோங்' என்கிறோம். 1895இல் ஜப்பானியர் அவரை அரண்மனைக்குள்ளேயே கொன்றார்கள். அந்தப் பெயர் வந்தது 1897இல். உயிரோடு இருந்தபோது அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.