இசைவிழாக்களும் பண்ணை வேலையுமாக ஒரு கோடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியக் கோடையில் ஓர் இசைவிழாவிலிருந்து அடுத்த விழாவுக்குப் போவதும், இடைப்பட்ட வாரங்களில் பண்ணைகளில் வேலை செய்து சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் தேடிக்கொள்வதும் இளைஞர்கள் பலரை ஈர்க்கும் வாழ்க்கை. இதில் இறங்குவோர் முதலில் விழாக்களின் தேதிகளைக் குறித்துவிட்டு, எஞ்சிய இடைவெளிகளில் பண்ணைகளைச் செருகப் பார்க்கிறார்கள். பெரும்பாலான சங்கடங்கள் இந்த வரிசையிலிருந்தே தொடங்குகின்றன. விழாவின் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். செர்ரி எப்போது பழுக்கும், திராட்சை அறுவடை ஆகஸ்டிலா செப்டம்பரிலா என்பதையோ அந்த ஆண்டின் மழையும் வெயிலும்தான் முடிவு செய்யும். பழம் கனிந்து நிற்கும் வாரத்தில் பறிப்பவர் ஒருவர் கிளம்பிவிட்டால் அந்த இழப்பு விவசாயியின் தலையில்தான் விழும். ஆகவே பண்ணைக்குரிய வாரங்களை முதலில் உறுதி செய்துகொண்டு, விட முடியாத விழா ஏதேனும் இருந்தால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். விரும்பிய விழா அந்த ஆண்டு நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது: 1970 முதல் சாமர்செட்டில் ஒரு பால் பண்ணையின் நிலத்தில் நடந்துவரும் கிளாஸ்டன்பரி விழா, அந்த நிலம் ஓய்வெடுப்பதற்காக 2018-இல் நடத்தப்படவில்லை, 2026-உம் அத்தகைய ஓய்வாண்டே.

பணம் கைமாறாவிட்டால் அது வேலையே அல்ல என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் போன்ற அமைப்புகளின் வழியே, நாளொன்றுக்குச் சில மணி நேர உழைப்புக்கு ஈடாக உணவும் இடமும் பெறலாம். ஆனால் அந்த உணவையும் இடத்தையும் கூலியாகவே கருதும் குடிவரவுச் சட்டங்கள் உண்டு. பிரிட்டனுக்குப் பார்வையாளராகச் செல்பவர், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றுக்காக, பயணத்தின் முதன்மை நோக்கமாக அல்லாமல், அதிகபட்சம் 30 நாள் மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். தனியார் பண்ணை அதில் அடங்காது. தோட்டக்கலை வேலைக்கான அந்நாட்டுப் பருவகாலத் தொழிலாளர் விசா 6 மாதம் வரை தங்க இடமளிக்கிறது. ஆனால் விழா மைதானத்தில் வேறு சம்பள வேலை பார்க்க அது அனுமதிப்பதில்லை. பொதுவான விசா முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் விசா காலாவதியாகப் போகும்போது பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள் என்ற குறுகிய காலத் தங்கலின் வரம்பு அந்நாடுகள் அனைத்துக்கும் சேர்த்தே எண்ணப்படுகிறது. வேலை பார்த்தபடியே ஊர் சுற்ற இளையோருக்குத் தரப்படும் பணிவிடுமுறை விசா போன்றவற்றுக்கு உரிய தகுதி இருப்பவர்கள், அவற்றைப் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

விழாக்களில் தன்னார்வலராகச் சேர்ந்தால் நுழைவு இலவசம் என்பது உண்மைதான். பல விழாக்கள் அதற்கு முன்வைப்புத் தொகை கேட்கின்றன. ஷிஃப்டைத் தவறவிட்டால் அந்தத் தொகை திரும்பி வராது. தமக்குப் பிடித்த கலைஞர் பாடும் நேரத்தில் வாயிற்கதவருகே நிற்க நேரலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

விழாவின் கடைசி இரவு முடிந்ததும் விடியலில் பண்ணைக்குப் போய் நிற்பதை வீரமாக நினைப்பவர்கள் உண்டு. தூங்காத கையில் கத்தரிக்கோலையோ டிராக்டரையோ கொடுக்க எந்த நல்ல விவசாயியும் விரும்பமாட்டார். இடையில் ஒரு முழு நாளையாவது ஓய்வுக்கு விட வேண்டும். வெயிலுக்கும் உடல் படிப்படியாகவே பழகும். கடும் வெப்பத்தில் புதிதாக வேலை செய்பவர் முதல் நாளில் வழக்கமான நேரத்தில் 20 சதவீதமும், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மிகாமல் கூடுதலாகவும் செய்யலாம் என்பது அமெரிக்க அரசின் தொழில்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரை. காதைப் பற்றியும் அதே நிறுவனம் ஒரு கணக்குத் தருகிறது: 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். இதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடமே கிடைக்கிறது. மேடைக்கு அருகே அந்த அளவு ஒலி சாதாரணம் என்பதால் காதடைப்பான் இல்லாமல் போவது அறிவுடைமை அல்ல. புல்வெளியில் உழைத்த நாளின் இரவில் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்; லைம் நோய் அதன் வழியே பரவுகிறது.

சம்பள வேலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலி, கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். பழகாத கை மணிக்கு எவ்வளவு பறிக்கும் என்பதும், தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்பதும் தெரியும்வரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இந்த விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், பறித்த பெட்டிகளின் கணக்கைத் தாமே குறித்து வைப்பதும் மரியாதைக் குறைவாகாது.

அனேகமாக எவரும் நினைத்துப் பார்க்காத தவறு, சேற்றைச் சுமந்து செல்வது. பூட்ஸிலும் கூடாரத்தின் அடியிலும் ஒட்டிய மண்ணோடு நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அடுத்த நிலத்துக்குப் போய்ச் சேரும். கால்நடைகளின் கோமாரி நோய், பல்லாண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் ஜெர்மனியில் மீண்டும் தலைகாட்டியது. எனவே ஒவ்வோரிடத்தையும் விட்டுக் கிளம்பும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கூடாரத்தை நன்றாகக் காயவைத்து மடித்து, கால்நடைகள் உள்ள பண்ணையானால் உள்ளே நுழையும் முன் கிருமிநாசினித் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.