பிஹெச் மீட்டர் 7.00-லேயே நிற்கிறதா?

மணலி, எண்ணூர் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மீட்டரை ஆர்எஸ்-485 கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால் பிஹெச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மை; 7 என்றால் நடுநிலை) மட்டும் படிக்காதீர்கள். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் (மீட்டர் தன் நிலையையும் கோளாறையும் குறித்து வைக்கும் இடம்) இருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள். தண்ணீரில் முக்கும் எலெக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்டாலோ, கேபிள் ஷார்ட் ஆனாலோ சிக்னல் 0 மில்லிவோல்ட்டுக்கு வந்துவிடும். திரையில் அது 7.00 என்று தெரியும், தண்ணீர் அருமையாக இருப்பதுபோல! கடற்காற்றின் ஈரம் எலெக்ட்ரோடு கேபிளை மீட்டரில் செருகும் பிஎன்சி கனெக்டருக்குள் புகுந்தாலும் அளவு 7 பக்கம்தான் நகரும். சந்தேகம் வந்தால் எலெக்ட்ரோடை பிஹெச் 4 பஃபரில் (பிஹெச் அளவு முன்பே தெரிந்த கரைசல்) முக்குங்கள். அப்போதும் 7 காட்டினால் கனெக்டரைத் துடைத்து உலர்த்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் எலெக்ட்ரோடு, கேபிள் இரண்டில் ஒன்று போய்விட்டது.

கம்ப்யூட்டர் கேட்டும் மீட்டர் பதிலே தராவிட்டால் கதை வேறு. பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் அமைப்பு), மீட்டரின் முகவரி மூன்றையும் சரிபாருங்கள். அப்புறம் ஆர்எஸ்-485 கேபிளின் ஏ, பி கம்பிகளை மாற்றிப் போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பெயர்கள் தலைகீழாக இருப்பது பெரிய எரிச்சல்.

மீட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறையில் 3 என்ற ஃபங்ஷன் கோடுக்கு (ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை எண்) 131 என்று பதில் வந்தால் அது பிழைச் செய்தி. அடுத்த பைட் 2 என்றால் ரெஜிஸ்டர் முகவரி தவறு. வயர் நன்றாகத்தான் இருக்கிறது, பிடுங்காதீர்கள்.