தற்காலிக விசா விண்ணப்பம்: தூதரகம் எப்படிப் பார்க்கிறது, நாம் எப்படித் தயாராவது

மகளின் பிரசவத்துக்காகவோ மகனின் பட்டமளிப்பு விழாவுக்காகவோ முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் பெற்றோருக்குக் கும்பகோணம் வட்டாரத்தில் சில ஆண்டுகளாக விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். விசா மறுக்கப்பட்டு வந்தவர்களின் தாள்களைப் புரட்டும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெரும்பாலோருக்குப் பணமோ தகுதியோ குறைவில்லை. ஒரு தாள் சொல்வதற்கு இன்னொரு தாள் முரணாக நிற்கிறது. நம் வீட்டையோ வயலையோ பார்த்திராத அதிகாரிக்குத் தாள்களும் கைரேகையும் நாம் சொல்லும் சில வார்த்தைகளும்தான் சாட்சி. பாதுகாப்புச் சோதனை இறுக இறுக, அந்தச் சாட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

விண்ணப்பம் போகும் வழியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனுக்கும் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பலவற்றுக்கும் நாம் தாள்களைக் கொடுப்பது வி.எஃப்.எஸ். போன்ற சேவை மையத்தில். அவர்கள் கட்டணம் வாங்கி, கைரேகையும் புகைப்படமும் எடுத்து, கோப்பை அனுப்பிவைப்பார்கள். விசா கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவில் அவர்களுக்குப் பங்கே இல்லை. ஆகவே, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவே வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்கு டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டணம் செலுத்தி, கைரேகைக்கு ஒரு முறையும் நேர்காணலுக்கு ஒரு முறையுமாகச் சென்னை செல்ல வேண்டியிருக்கும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது.

நம் பக்கத்தில் அதிகச் சிக்கல் தருவது பெயர்தான். தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்து வாழ்நாள் முழுதும் கையெழுத்திட்ட பெரியவருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே புதிது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்கப் படிவத்தில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று நிற்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. எனவே விசாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் தலைப்பெழுத்தை விரித்துப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள்.

பிறந்த இடமும் அப்படித்தான். மாயவரத்தில் 1955இல் பிறந்த ஓர் அம்மாவின் பிறப்புப் பதிவில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபின் எடுத்த சான்றில் நாகப்பட்டினம் என்றிருக்கும். 2020 டிசம்பருக்குப் பிறகு வந்ததில் மயிலாடுதுறை மாவட்டம் என்றிருக்கும். ஊர் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மாவட்டப் பிரிவினையை விளக்கும் நான்கு வரிக் குறிப்பைக் கையில் வைத்திருங்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா தன் விசா முறையை மாற்றியமைத்தது. நேர்காணல் பெரும்பாலோருக்குக் கட்டாயமானது, விரல் ரேகை சேர்ந்தது. இன்று ஒவ்வொரு பெயரும் கண்காணிப்புப் பட்டியல்களோடும், பத்து விரல் ரேகையும் பாதுகாப்புத் துறைகளின் தரவுகளோடும் ஒப்பிடப்படுகின்றன. குமார், செல்வம், ராஜேந்திரன் போன்ற பெயருடையவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களில் யாரோ ஒருவரின் பெயர் பட்டியலில் இருந்தால், நாம் அவரில்லை என்பதைக் காட்டுபவை பிறந்த தேதியும் பிறந்த ஊரும் ரேகையுமே. அவற்றில் பிழை இருந்தால் தாமதத்துக்கு நாமே வழி செய்தவர்களாவோம். 2019 முதல் டி.எஸ்-160 படிவம் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறது. பழைய முகநூல் கணக்கை மறந்து விட்டுவிடாதீர்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அக்கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்கவும் வேண்டும். 79 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்த நேர்காணல் விலக்கும் 2025 செப்டம்பர் 2 முதல் பொதுவாக இல்லை. தாத்தா பாட்டியையும் சென்னைக்கு அழைத்துப் போகும்படி திட்டமிடுங்கள்.

அடுத்தது வருமானம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரிடமும் வரிக் கணக்குத் தாள் இருப்பதில்லை. என் பெரியப்பாவுக்கு அதுதான் நேர்ந்தது. வரிக் கணக்கு இல்லையே என்ற பயத்தில், விண்ணப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது உறவினரிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டார். பாஸ்புக்கில் அதற்கு முந்தைய இருப்பு பதினோராயிரம். எங்கிருந்தோ வந்து இறங்கிய அந்த ஒரு வரியைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் ஐயம் வரத்தான் செய்யும். ஒரு ஐரோப்பிய நாடு விசாவை மறுத்தது. அடுத்த ஆண்டு கடன் வாங்கவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, குறுவைக்கும் சம்பாவுக்கும் அந்தப் பணம் வங்கியில் வரவான பதிவு, சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் அளித்த வருமானச் சான்று ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு தேதி வரிசையில் அடுக்கினோம். ஆண்டுக்கு இருமுறைதான் பணம் வரும் என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் விளக்கினோம். விசா கிடைத்தது. நிலமும் அடுத்த நடவும் ஊரில் காத்திருக்கின்றன என்பதைவிட, திரும்பி வருவார் என்பதற்கு வேறு நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகை விசா கேட்பவரைக் குடியேற எண்ணுபவர் என்றே முதலில் கருதுகிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், பல நேரங்களில் தாளைக் கேட்கவே மாட்டார்கள். தமிழிலேயே பதில் சொல்லலாம். எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது என்பவற்றுக்குப் படிவத்தில் எழுதியதையே சுருக்கமாகச் சொல்லுங்கள். அதற்காகவே, படிவத்தைக் கடைக்காரர் நிரப்பியிருந்தாலும் ஒரு வரி விடாமல் வாசித்துக் கேட்டபிறகே சமர்ப்பியுங்கள்; நிரப்ப உதவியது யார் என்பதையும் படிவம் கேட்கும், மறைக்கக் கூடாது. முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டிருந்து அதைக் கேட்டால், ஆம் என்றே எழுதுங்கள். மறுப்பு மன்னிக்கப்படலாம், வேண்டுமென்றே பொய் சொன்னதாகக் கண்டால் அமெரிக்கா நிரந்தரமாகவும் பிரிட்டன் 10 ஆண்டு வரையும் கதவை அடைத்துவிடும்.

அமெரிக்க நேர்காணலில் 221(ஜி) என்று குறித்த தாளைக் கையில் கொடுத்தால், கூடுதல் தாளோ கூடுதல் சோதனையோ தேவைப்படுகிறது என்று பொருள். கேட்டதை மட்டும் அனுப்பிவிட்டு, இணையத்தில் நிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். விசா வரும்வரை பணம் திரும்பாத விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். மகளின் பிரசவத் தேதியைக் கணக்கிட்டு, சில மாதங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாவில் பெயர், பிறந்த தேதி, எத்தனை முறை நுழையலாம் என்பவற்றைச் சரிபாருங்கள். அமெரிக்க விசாவில் 10 ஆண்டு என்றிருந்தாலும் அவ்வளவு காலம் தங்கலாம் என்று பொருளல்ல. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இறங்கும்போது அங்குள்ள அதிகாரியே முடிவு செய்வார்; ஐ-94 எனும் வருகைப் பதிவில் அவர் இடும் தேதிக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.