வான்கோழி இல்லாத கிறிஸ்துமஸ் விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்ததும் ஒரே கேள்வி பல குரல்களில் என்னிடம் வருகிறது. "அக்கா, இந்த ஆண்டு வான்கோழி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டிலேயே வேறு என்ன சமைக்கலாம்?"

நல்ல முடிவு. உறைந்த கட்டியாகக் கப்பலேறி வரும் ஐந்து கிலோ வான்கோழி இளகுவதற்கே குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் இடம் ஒதுக்க வேண்டும். கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் மேசைமேல் வைத்திருக்கும் சிறிய ஓவனுக்குள் அது நுழையவும் நுழையாது. அத்தனை பாடுபட்டு வாட்டி எடுத்தாலும், ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சம்பல் கேட்பார்கள். செந்தூல், புடு, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பெருநாள் என்றால் ஆட்டிறைச்சி பிரியாணியும் தால்ச்சாவும் கோழிப் பிரட்டலும்தான். மலாக்கா, பினாங்கில் வாழும், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்த யுரேசியர்களிடம் வினிகரும் கடுகும் மணக்கும் டெவில் கறி இருக்கிறது. மேசை நடுவே கொதிக்கும் சூப்பில் இறைச்சியும் காய்கறியும் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டைச் சீன நண்பர்களிடமிருந்து பழகிக்கொண்டோம். மாற்று உணவுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கோளாறு உணவுத் தேர்வில் அல்ல, அதற்குப் பிறகு நடப்பவற்றில்தான். வீடுகளுக்குப் பெருநாள் சமையல் செய்து கொடுப்பவள் என்ற முறையில், முதன்முதலாக விருந்து வைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே பள்ளங்கள்தான். உப்புக் கூடியது, அடிப்பிடித்தது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. கை பழகினால் அவை தானே சரியாகிவிடும்.

பெருநாளன்றே முதல்முறை சமைத்துப் பார்ப்பது

கைபேசியில் பார்த்த புது வகை எதுவானாலும், நவம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்குச் செய்து பாருங்கள்.

சமைத்ததை மறுநாள் மதியம் வரை அடுப்பிலேயே விட்டுவைப்பது

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டுதோறும் சொல்கிறேன், ஆண்டுதோறும் ஒரு வீட்டிலாவது நடந்துவிடுகிறது.

24ஆம் தேதி இரவுத் திருப்பலி. அதற்குள் சமையலை முடித்துவிட்டால் மறுநாள் நிம்மதி என்று நினைத்து, மாலையிலேயே அண்டா நிறையப் பிரியாணியைத் தம் போட்டு இறக்கிவிடுகிறார்கள். ஈரத்துணி சுற்றி, மூடி போட்டு, அதன்மேல் கனமாக எதையாவது ஏற்றி வைத்துவிட்டுக் கோவிலுக்குக் கிளம்புகிறார்கள். திரும்பி வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். கேக் வெட்டி, வாழ்த்துச் சொல்லி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படுக்கும்போது மணி இரண்டு. மூடியைத் திறக்கவே இல்லையே, அப்படியே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. விருந்தினர் வருவதோ மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு. ஏறக்குறைய இருபது மணி நேரம் அந்த அண்டா நம் ஊர் வெக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

அம்பாங்கில் ஓர் இளம் தம்பதிக்கு இதுதான் நடந்தது. திருமணமான பின் அவர்கள் வைத்த முதல் திறந்த இல்ல உபசரிப்பு. நாற்பது பேருக்கு அழைப்பு, எட்டுக் கிலோ ஆட்டிறைச்சி, நல்ல பாஸ்மதி, நெய், குங்குமப்பூ என்று எதிலும் குறை வைக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு அந்தப் பெண் அழுதுகொண்டே என்னை அழைத்தாள். நான் போய் மூடியைத் தூக்கியதும் நெய் வாசனைக்கு அடியில் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அண்டாவின் ஓரத்தில், மசாலா எண்ணெய் தேங்கியிருந்த இடத்தில், சிறு சிறு குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. நடுச்சோற்றில் கரண்டியை இறக்கினால் அங்கே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அள்ளிய பருக்கைகள் நூல் விட்டன. ஊசிப்போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

வீட்டுப் பெரியவர் ஒருவர் எலுமிச்சம்பழம் பிழிந்து, மறுபடி ஒரு சூடு காட்டிவிட்டால் போதும் என்றார். நான் விடவில்லை. அத்தனையும் குப்பைப் பைக்குள் போயிற்று. கடைகடையாக அலைந்து, கிடைத்ததை இரட்டிப்புச் செலவில் வாங்கி, இரண்டு மணிக்குத்தான் பரிமாறினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு மணி நேர முன்யோசனையில் தவிர்த்திருக்கக் கூடிய நட்டம் அது.

சூடு காட்டினால் ஏன் சரியாகாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உணவில் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பம் 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அழிவதில்லை. இறைச்சிக் குழம்பில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பெரிய அண்டாவின் நடுப்பகுதி மெதுவாக ஆறுவதுதான் அதற்கு வேண்டிய வசதி. ஏற்ற வெதுவெதுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். மூடி போட்டு ஈரத்துணி சுற்றுவது அந்த வெதுவெதுப்பைக் கட்டிக் காப்பதாகத்தான் முடிகிறது.

அம்பாங் வீட்டில் வாடை வந்ததால் தப்பித்தார்கள். எல்லா நேரமும் வாடை வராது. பார்வைக்கும் நாக்குக்கும் குற்றமில்லாத சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்பியதும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளும் முதியவர்களும்தான் முதலில் படுத்துவிடுவார்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "பாட்டி காலத்தில் குளிர்சாதனப் பெட்டியா இருந்தது?" இல்லைதான். ஆனால் பாட்டி பெருநாள் இறைச்சியை முந்தின நாள் சமைக்கவும் இல்லை. விடியற்காலையில் எழுந்து, கொல்லையில் கோழி அடித்து, பெருநாள் காலையில்தான் அடுப்பேற்றினார். மதியத்துக்குள் பானை காலியாகிவிடும். மறுநாளைக்கு அவர் வைத்தது புளி ஊற்றிச் சுண்டவைத்த கொஞ்சம் குழம்பு. தேங்காய்ப்பால் ஊற்றிய குருமாவையோ நாற்பது பேர் சோற்றையோ அல்ல.

நான் செய்யும் முறை இதுதான். 24ஆம் தேதி இறைச்சி மசாலாவை மட்டும் முழுமையாக வேகவைத்து முடிப்பேன். சோற்றைத் தொடவே மாட்டேன். மசாலாவை அண்டாவில் விடாமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றுவேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் கொட்டித் தண்ணீர் விட்டு, தட்டுகளை அதில் நிறுத்திக் கிளறிக்கொண்டே இருந்தால் விரைவில் ஆறிவிடும். ஐஸ் பை பெட்ரோல் நிலையங்களிலேயே கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் சூடு தணிந்து, உணவு குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கோவிலுக்குக் கிளம்புவது. அதற்குக் கணக்குப் போட்டு, மதியம் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடும்படி சமையலைத் தொடங்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை என்பார்கள். இடத்தை அடைத்திருப்பவை பெரும்பாலும் குளிர்பான டின்கள். அவற்றை மீன்கடைப் பொலிஸ்டிரீன் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டு வெளியே வையுங்கள். டின் வெதுவெதுப்பானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

25ஆம் தேதி காலை பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்த மசாலாவோடு சேர்த்துத் தம் போட்டால் பன்னிரண்டு மணிக்குச் சோறு மணக்கும். தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டிய எதுவானாலும், கெட்டிப்பாலைப் பெருநாள் காலையில்தான் பிழிந்து ஊற்ற வேண்டும்.

இருபது பேருக்கு ஆப்பம் சுடுவது

ஆப்பமும் கோழி ஸ்டூவும் கிறிஸ்துமஸ் காலைக்கு அருமையான உணவு. எட்டுப் பேர் வரைக்கும். ஓர் ஆப்பத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பதுதான் வரும். இருபது பேர் ஆளுக்கு மூன்று சாப்பிட்டால் அந்த வீட்டு அம்மா ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடும்போது விருந்து வைத்தவள் வியர்வையோடு சமையலறையில் நிற்பதை நான் ஏற்கமாட்டேன். கூட்டம் பெரிது என்றால் புட்டு மாயம், அதாவது இடியாப்பம், வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வாங்குபவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால், காலையில் சுடச்சுட வாங்கி வந்து அதே ஸ்டூவை ஊற்றிப் பரிமாறலாம்.

வருகிறவர்கள் யார் என்று கேட்காமல் பட்டியல் போடுவது

நம் குடும்பங்களில் பாதிப் பேர் இந்து உறவினர்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது டிசம்பர் மாதத்தைத்தான். சபரிமலை மண்டல விரதம் நவம்பர் நடுவில் தொடங்கி 41 நாள் நடக்கிறது, மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில்தான் வரும். ஆக, ஐயப்பனுக்கு மாலை போட்ட மச்சான் ஒருவர் கிறிஸ்துமஸ் அன்று வாசலில் வந்து நிற்கக் கூடும். மார்கழி முழுக்கச் சைவம் சாப்பிடும் அத்தைமாரும் உண்டு. சைவ வகைகளை முதலில், தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிக் கரண்டியோடு தனி மேசையில் வையுங்கள்.

இதில் தால்ச்சா ஒரு பொறி. பார்வைக்குப் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும்தான். ஆனால் பல வீடுகளில் ஆட்டெலும்பு போட்டுத்தான் கொதிக்கவைக்கிறார்கள். எலும்பு பானையின் அடியில் கிடக்க, மேலாக அள்ளிய விரதக்காரர் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டுவிடுகிறார். சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சீட்டு எழுதி வைக்க ஐந்து நிமிடம் ஆகாது.

முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால், பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும். ரம்மில் ஊறிய பழக்கேக்கை அந்த மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் உணவை வரவழைத்து, அதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர்களும் தயங்காமல் சாப்பிடுவார்கள்.

ஒரே நீட்டிப்பு வயரில் எல்லாச் சட்டியும்

ஸ்டீம்போட் சுலபம் என்று சொல்வார்கள். நறுக்கி வைப்பதைத் தவிர வேலையில்லை என்பதும் உண்மைதான். ஆனால் மின்சட்டி ஒன்று 1,500 வாட் இழுக்கும். நம் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட். இரண்டு சட்டியோடு சோற்றுப் பானையையும் அதே வயரில் செருகினால் பியூஸ் போகும், அல்லது வயர் சூடேறி இளகும். வேறு வேறு சுவர் பிளக்குகளில் மாட்டுங்கள். சிறு கேஸ் டின் போடும் அடுப்பு என்றால், டின் இருக்கும் பக்கத்தை மறைக்கும் அளவுக்கு அகலமான சட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது. சூடு திரும்பி டின் வெடிக்கும்.

பச்சைக் கோழியைச் சட்டியில் போட ஒரு இடுக்கி, வெந்ததை எடுக்க இன்னொன்று.

பால்கனியில் கரி அடுப்பு

வேண்டாம். கட்டட நிர்வாகத்திடம் கீழேயுள்ள வாட்டும் இடத்தை முன்பதிவு செய்யுங்கள், மழைக்குக் கூரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு கேஸ் சிலிண்டர்

23ஆம் தேதியே தூக்கிப் பாருங்கள்.

மிஞ்சியதை மேசையிலேயே மாலை வரை வைப்பது

டெவில் கறி யுரேசியர் வீடுகளில் பெருநாளுக்கு மறுநாள் கறி என்றே பெயர் பெற்றது. மிஞ்சிய வறுத்த இறைச்சியை வினிகர், கடுகு, மிளகாய் சேர்த்து மீண்டும் சமைப்பது. 26ஆம் தேதிக்கு நாமும் அதைச் செய்யலாம். ஆனால் மதியம் பரிமாறிய கோழி மாலை ஆறு மணி வரை ஈக்களோடு மேசையில் கிடந்திருந்தால், எத்தனை வினிகர் ஊற்றினாலும் அது பயன்படாது. பரிமாறி இரண்டு மணி நேரத்துக்குள், பேச்சு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, எழுந்து போய் மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உறவினர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் பொட்டலமும் அங்கிருந்தே போகட்டும். ஈப்போவுக்கோ பினாங்குக்கோ காரோட்டிப் போகிறவர்களுக்கு ஐஸ் பை ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.